டு-டூ ஆப்ல கவலைய எழுதாதீங்க, வேலைய எழுதுங்க

மொதல்லயே சொல்லிடறேன், செய்ய வேண்டிய வேலைய லிஸ்ட் போட்டு டிக் அடிக்கற டு-டூ ஆப்ப நான் மூணு தடவ இன்ஸ்டால் பண்ணி மூணு தடவயும் தூக்கிட்டு, நாலாவது தடவதான் உருப்படியா பயன்படுத்த ஆரம்பிச்சேன். அதுக்கு முன்னாடி தினசரி காலண்டர்ல கிழிச்ச தாளோட பின்பக்கம்தான் என் லிஸ்ட், ஃப்ரிட்ஜ் மேல ஒண்ணு, ஹேண்ட்பேக்ல ஒண்ணு, சட்டைப்பைல போட்டு துவைச்சது ஒண்ணு. அப்புறம் வாட்ஸ்ஆப்புக்கு மாறினேன். எனக்கு நானே மெசேஜ் அனுப்பிக்கற வசதி 2022 கடைசிலதான் வந்துச்சு, அதுக்கு முன்னாடி தங்கச்சிய சேர்த்து ஒரு குரூப் ஆரம்பிச்சு உடனே அவள வெளிய அனுப்பிட்டு நான் மட்டும் தனியா உக்காந்து பேசிட்டு இருப்பேன், அவ இன்னிக்கும் அத சொல்லி கிண்டல் பண்ணுவா. வாட்ஸ்ஆப்ல எழுதறது ஈஸிதான், ஆனா எழுதினது மேல போய்ட்டே இருக்கும், முடிஞ்சது எது முடியாதது எதுன்னு தெரியாது. அது குறிப்பு எழுதற இடம், லிஸ்ட் இல்ல.

எந்த ஆப்னு கேட்டீங்கன்னா, அதுல ஒரு வாரத்த செலவு பண்ணாதீங்க, நான் பண்ணினேன், வேஸ்ட். டுடூயிஸ்ட், டிக்டிக், கூகுள் டாஸ்க்ஸ், மைக்ரோசாஃப்ட் டு டூ, எது எடுத்தாலும் அடிப்படை ஒண்ணுதான். ஜிமெயிலும் கூகுள் காலண்டருமே கதின்னு இருக்கறவங்களுக்கு கூகுள் டாஸ்க்ஸ் போதும், தேதி போட்டா நேரா காலண்டர்லயே வந்து உக்காந்துக்கும். நான் வச்சிருக்கறது மைக்ரோசாஃப்ட் டு டூ, காரணம் ஒண்ணே ஒண்ணு, காசு கேக்காது. 2015-ல மைக்ரோசாஃப்ட், வுண்டர்லிஸ்ட்னு ஒரு ஆப் வச்சிருந்த ஜெர்மன் கம்பெனிய வாங்கிட்டு, 2017-ல இத கொண்டு வந்து, 2020 மே மாசம் வுண்டர்லிஸ்ட்ட மூடிட்டாங்க. அத வச்சிருந்தவங்க இன்னும் அதுக்காக ஏங்குவாங்க. போன்லயும் ஆபீஸ் கம்ப்யூட்டர் பிரவுசர்லயும் ஒரே அக்கவுண்ட்ல திறக்கும், அது போதும் எனக்கு. கீழ சொல்றது எல்லாம் இத வச்சுத்தான், உங்க ஆப்ல பட்டன் பேரு வேற மாதிரி இருக்கும், அவ்ளோதான்.

சரி, மூணு தடவ ஏன் தோத்தேன்? என் பழைய லிஸ்ட்ட எடுத்து பாத்தேன். "வீட்டு வரி". "மாமா பென்ஷன்". "பரண்". "வண்டி". "டென்டிஸ்ட்". இதுல எதாவது ஒண்ண பாத்த உடனே எந்திரிச்சு போய் செய்ய முடியுமா சொல்லுங்க? முடியாது, ஏன்னா இதெல்லாம் வேலை இல்ல, கவலை. மனசுல ஓடிட்டு இருந்த கவலைய அப்படியே போன்ல இறக்கி வச்சிருக்கேன், தினமும் திறந்து திறந்து அதே கவலைய படிச்சிட்டு மூடிருக்கேன். அப்புறம் திறக்கவே பயமா இருக்கும். அந்த பயத்துக்குத்தான் அன்இன்ஸ்டால்.

இதுக்கு பின்னாடி ஒரு கதை இருக்கு. ஓட்டல்ல சர்வர் பேப்பர் பேனா இல்லாம "ரெண்டு நெய் ரோஸ்ட், ஒரு பூரி, மூணு காபி, ஒண்ணு சக்கரை கம்மி"ன்னு ஞாபகம் வச்சு கரெக்டா கொண்டு வந்து வைப்பாரு, பில் கட்டினப்புறம் போய் கேட்டா எந்த டேபிள்னே தெரியாது. பெர்லின்ல ஒரு ஓட்டல்ல இதே மாதிரி கவனிச்சதுலருந்துதான் ப்ளூமா ஸைகார்னிக்னு ஒரு அம்மா 1927-ல ஆராய்ச்சி எழுதினாங்கன்னு சொல்லுவாங்க, முடியாத வேலைதான் மனசுல ஒட்டிக்கிட்டே இருக்கும்னு. அதவிட எனக்கு பிரயோஜனமா இருந்தது 2011-ல மாசிகாம்போ, பாமைஸ்டர்னு ரெண்டு பேர் காட்டினது. வேலைய முடிக்கவே வேணாமாம், எப்ப, எங்க, எப்படி செய்யப்போறோம்னு தெளிவா ஒரு ப்ளான் போட்டாலே அந்த நச்சரிப்பு அடங்கிடுதாம். அப்போ வெறும் "வீட்டு வரி"ன்னு எழுதினா அடங்காது, ஏன்னா அதுல ப்ளானே இல்ல.

அதனால மொத வேலை இது. லிஸ்ட்ல எழுதற ஒவ்வொண்ணும் ஒரு வினைச்சொல்லுல முடியணும். போடு, கேளு, கட்டு, அனுப்பு, இறக்கு. நம்ம பாஷைல இது ரொம்ப வசதி, கடைசி வார்த்தைய பாத்தாலே தெரிஞ்சிடும். "வீட்டு வரி" இப்போ "பழைய ரசீதுலருந்து அசெஸ்மென்ட் நம்பர போட்டோ எடு" ஆச்சு. "டென்டிஸ்ட்", "க்ளினிக்குக்கு போன் போட்டு சனிக்கிழமை சாயங்காலம் அப்பாயின்ட்மென்ட் கேளு" ஆச்சு. "வண்டி"ன்னு எழுதினது என்ன அர்த்தத்துலன்னு எனக்கே மறந்துபோச்சு, அழிச்சிட்டேன். படிச்சா உடனே கை கால் நகரணும், யோசிக்க வைக்கக்கூடாது. யோசிக்கறது எழுதும்போதே முடிஞ்சிடணும். நான் தமிழ்லயேதான் டைப் பண்றேன், இங்கிலீஷ்ல "டுமாரோ ஃபைவ் பிஎம்"னு டைப் பண்ணா தேதிய தானா புடிச்சிக்கற ஆப் எல்லாம் இருக்கு, எனக்கு கையால தேதி வச்சிக்கறதுல ஒண்ணும் கஷ்டம் இல்ல.

அடுத்தது லிஸ்ட் பிரிக்கறது. ஆரம்பத்துல உற்சாகத்துல பதினெட்டு லிஸ்ட் போட்டு ஒவ்வொண்ணுக்கும் கலர், எமோஜி எல்லாம் வச்சேன், எது எங்க எழுதினேன்னு தேடறதே ஒரு வேலையா போச்சு. இப்போ அஞ்சுதான். வீடு, ஆபீஸ், பணம், கடை, அப்புறம். கடைசில இருக்கற "அப்புறம்"தான் ரொம்ப முக்கியம், அத பத்தி பின்னாடி சொல்றேன். "முக்கியம்"னு தனியா லிஸ்ட் போட வேணாம், ஸ்டார் குத்தினா இம்பார்ட்டன்ட்னு ஒரு லிஸ்ட்ல தானா சேந்துக்கும். ஆனா எல்லாத்துக்கும் ஸ்டார் குத்தாதீங்க, மூணுக்கு மேல போச்சுன்னா அதுக்கு மதிப்பே இல்ல.

வேலை ஞாபகம் வந்த நொடில எழுதிடணும், அத எந்த லிஸ்ட்னு பிரிக்கறது அப்புறம். அதுக்கு போன்ல ஹோம் ஸ்க்ரீன்லயே விட்ஜெட் வச்சிக்கங்க, ஆப்ப தேடி திறக்கறதுக்குள்ள குக்கர் விசில் அடிச்சிடும், மறந்துடும். பஸ்ல நிக்கும்போது, பால் காயும்போது, டக்குனு ஒரு வரி. ராத்திரி உக்காந்து பிரிச்சிக்கலாம்.

இப்போ தேதி. இங்கதான் நிறைய பேர் குழப்பிக்கறாங்க. ட்யூ டேட் வேற, ரிமைண்டர் வேற. ட்யூ டேட்ங்கறது அந்த வேலைக்கு கடைசி நாள் எதுன்னு குறிச்சு வைக்கறது, குறிப்பிட்ட நேரத்துக்கு போன் மணி அடிக்கணும்னா ரிமைண்டர் தனியா வைக்கணும். ரெண்டாவது, பொய் தேதி போடாதீங்க. "இந்த வெள்ளிக்கிழமைக்குள்ள அலமாரி அடுக்கணும்"னு நானே ஒரு தேதி போடுவேன், வெள்ளி வரும், அடுக்க மாட்டேன், வானமும் இடிஞ்சு விழாது. இப்படி நாலு பொய் தேதி சிவப்பு கலர்ல நின்னுச்சுன்னா, அஞ்சாவதா நிக்கற நிஜ தேதியயும் கண்ணு தாண்டி போயிடும். அந்த நாள் தாண்டினா நிஜமாவே எதாவது ஆகும்னா மட்டும் ட்யூ டேட். நான் ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல இருக்கேன், அங்க எல்லாமே நிஜ தேதிதான். 7-ந்தேதி டிடிஎஸ் (பணம் குடுக்கும்போதே பிடிச்ச வருமான வரி) கட்டணும், ஜிஎஸ்டி கணக்க மாசாமாசம் தாக்கல் பண்றவங்களுக்கு 11-ந்தேதி ஜிஎஸ்டிஆர்-1ங்கற விற்பனை கணக்கு, 20-ந்தேதி 3பிங்கற மொத்த கணக்கு. ஆனா 11-ந்தேதிக்கு ரிமைண்டர் வச்சு என்ன பிரயோஜனம், அன்னிக்கு க்ளையண்ட் பில்லே அனுப்பிருக்க மாட்டாரு. அதனால 4-ந்தேதி "க்ளையண்ட்ங்ககிட்ட சேல்ஸ் பில் கேளு", 8-ந்தேதி "குடுக்காதவங்களுக்கு மறுபடி போன் போடு", அப்புறம்தான் 11. கடைசி நாளுக்கு மணி அடிக்காதீங்க, ஆரம்பிக்க வேண்டிய நாளுக்கு அடிங்க.

ரிப்பீட்தான் இந்த ஆப்ல எனக்கு பிடிச்ச விஷயம். காகிதத்துல பண்ணவே முடியாதது இது ஒண்ணுதான்னு சொல்லலாம். டாஸ்க்க திறந்து ரிப்பீட்ல போய் கஸ்டம்னு எடுத்தா எத்தன நாள், வாரம், மாசம், வருஷம்னு நம்பர் போட்டுக்கலாம். ஒரு ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் உக்காந்து வருஷம் பூரா வர்றத எல்லாம் ஏத்திட்டீங்கன்னா மண்டைல பாதி காலி ஆயிடும். எங்க வீட்டுல இருக்கறத சொல்றேன், உங்களுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கங்க. கரண்ட் பில் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ, கணக்கெடுத்துட்டு போனதுலருந்து 20 நாள்தான் டைம், அதனால எங்க தெருவுக்கு கணக்கெடுக்க வர்ற தேதிலருந்து பத்தாவது நாளுக்கு ரெண்டு மாச ரிப்பீட். சொத்து வரி அரையாண்டுக்கு ஒரு தடவ, சென்னை மாநகராட்சில அரையாண்டு ஆரம்பிச்சு முதல் 30 நாளுக்குள்ள கட்டினா 5 சதவீதம் குறைப்பாங்க, அதிகபட்சம் 5000 ரூபா வரைக்கும், அதனால ஏப்ரல் 5, அக்டோபர் 5 ரெண்டு நாளுக்கும் ரிமைண்டர். ஸ்கூட்டர், கார் இன்சூரன்ஸ் வருஷம் ஒரு தடவ, முடியறதுக்கு இருவது நாள் முன்னாடி. அது முடிஞ்சு 90 நாள் தாண்டிட்டா, க்ளைம் பண்ணாம சேத்து வச்ச நோ க்ளைம் போனஸும் (பிரீமியத்துல கிடைக்கற தள்ளுபடி) போயிடும், எங்களுக்கு ஒரு தடவ போச்சு, அதனாலதான் இவ்ளோ அழுத்தி சொல்றேன். கேஸ் அடுப்பு ரப்பர் டியூப் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவ மாத்தணும், இத யாரு ஞாபகம் வச்சிருப்பா? கஸ்டம்ல 5 வருஷம்னு போட்டு விட்டுட்டேன்.

இதுல ஒரு சின்ன நுணுக்கம். சில வேலை தேதிய வச்சு திரும்பும், சிலது கடைசியா எப்ப செஞ்சோமோ அதுலருந்து கணக்கு. கரண்ட் பில் மொத வகை. வாட்டர் ஃபில்டர் கேண்டில் மாத்தறது ரெண்டாவது வகை, ஒரு மாசம் லேட்டா மாத்தினா அடுத்ததும் ஒரு மாசம் தள்ளித்தான் வரணும். டுடூயிஸ்ட்ல இதுக்கு தனியா வழி வச்சிருக்காங்க, "எவ்ரி 3 மன்த்ஸ்"னு அடிச்சா தேதி கணக்கு, எவ்ரி பக்கத்துல ஒரு ஆச்சரியக்குறி சேத்து அடிச்சா முடிச்ச நாள்லருந்து கணக்கு. நான் என்ன பண்றேன்னா ரெண்டாவது வகைக்கு ரிப்பீட்டே போடறதில்ல, ஃபில்டர் மாத்தி டிக் அடிச்ச கையோட அடுத்ததுக்கு புதுசா ஒண்ணு எழுதிடறேன்.

பெரிய வேலைக்கு ஸ்டெப்ஸ்னு ஒண்ணு இருக்கு, ஒரு டாஸ்க் உள்ளயே குட்டி குட்டியா டிக் அடிக்கறது. மாமா ரயில் பெட்டி செய்யற ஐசிஎஃப்ல இருந்து ரிட்டையர் ஆனவர், வருஷா வருஷம் நவம்பர்ல உயிரோட இருக்கேன்னு லைஃப் சர்டிபிகேட் குடுக்கணும் (80 வயசு தாண்டினவங்களுக்கு அக்டோபர் 1-லருந்தே குடுக்கலாம்). முன்னாடி பேங்க் வரிசைல நின்னுட்டு இருந்தாரு, இப்போ ஜீவன் பிரமாண் ஆப்ல முகத்த காட்டியே முடிச்சிடலாம். வருஷத்துக்கு ஒரு தடவ செய்யற வேலைங்கறதால ஒவ்வொரு வருஷமும் மொதல்லருந்து மண்டைய உடைக்கணும், பிபிஓ நம்பர் (பென்ஷன் ஆர்டர் நம்பர்) எங்க, ஆதாரோட சேத்த சிம் எந்த போன்ல இருக்கு, ஓடிபி யாருக்கு போச்சுன்னு. அதனால "மாமாவுக்கு லைஃப் சர்டிபிகேட் போடு"ன்னு வருஷ ரிப்பீட் வச்சு, ஸ்டெப்ஸ்ல "பீரோ ரெண்டாவது தட்டுலருந்து பென்ஷன் புக் எடு", "மாமாவோட சின்ன போன்ல சார்ஜ் போடு", "ஜன்னல் பக்கம் வெளிச்சத்துல உக்கார வை", "வந்த ஐடிய அவர் டைரில எழுது"ன்னு போட்டு வச்சிருக்கேன். மொத வருஷம் முக்கா நாள் ஆச்சு, போன நவம்பர்ல காபி ஆறறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு. ஒரு எச்சரிக்கை, பாஸ்வேர்ட், ஆதார் நம்பர், ஏடிஎம் பின் இதெல்லாம் நோட்ல எழுதி வைக்காதீங்க, எங்க இருக்குன்னு மட்டும் எழுதுங்க.

இனி தினமும் பண்ண வேண்டியது. மை டேன்னு ஒரு பக்கம் இருக்கு, ராத்திரி 12 மணிக்கு அது தானா காலி ஆயிடும். பயப்படாதீங்க, வேலை எங்கயும் போகாது, அதோட லிஸ்ட்ல பத்திரமா இருக்கும், இன்னிக்கு பண்றேன்னு எடுத்து வச்ச அந்த சேர்க்கை மட்டும்தான் கலையும். காலைல காபியோட அஞ்சு நிமிஷம், சஜெஷன்ஸ்ல இன்னிக்கு முடியறது, நேத்து விட்டது எல்லாம் காட்டும், அதுலருந்து எடுத்து மை டேல போடுங்க. எனக்கு ஆறுதான் கணக்கு, மூணு ஆபீஸ், மூணு வீடு. பன்னெண்டு போட்டுட்டு அஞ்சு முடிச்சா தோத்த மாதிரி இருக்கும், ஆறு போட்டுட்டு அஞ்சு முடிச்சா நல்லா தூக்கம் வரும், முடிச்சது என்னவோ அதே அஞ்சுதான். சமைக்கறது, டிபன் கட்டறது, பசங்கள ஸ்கூலுக்கு விடறது எல்லாம் லிஸ்ட்ல எழுதாதீங்க, அதெல்லாம் மறக்கற வேலை இல்ல. மறக்கறதுக்குத்தான் லிஸ்ட். ரெண்டு நிமிஷத்துல முடியறதயும் எழுதாதீங்க, எழுதற நேரத்துல செஞ்சிடலாம். டிக் அடிச்சா "டிங்"னு ஒரு சத்தம் வரும், ஆபீஸ்ல மானம் போகும்னா செட்டிங்ஸ்ல அணைச்சிக்கலாம், நான் அணைக்கல.

கடை லிஸ்ட்ட மட்டும் வீட்டுக்காரரோட ஷேர் பண்ணிருக்கேன். லிஸ்ட் மேல இருக்கற ஷேர் பட்டன அமுக்கினா ஒரு லிங்க் வரும், அத வாட்ஸ்ஆப்ல அனுப்பினா அவரும் உள்ள வந்துடுவாரு, அவருக்கும் ஒரு மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் வேணும். நான் வீட்டுல எழுத எழுத அவர் கடைல நின்னு டிக் அடிக்கலாம். இங்கயும் அதே பாடம்தான், மொத வாரம் "எண்ணெய்"னு எழுதினேன், தேங்காய் எண்ணெய் ரெண்டு லிட்டர் வந்துச்சு. "ஏங்க, மொளகாப்பொடிக்கு தேங்காயெண்ணெய ஊத்திக்கப்போறீங்களா"ன்னு கேட்டா "நீ எழுதினத தானே வாங்கினேன்"ங்கறாரு, அவர் சொல்றதும் நியாயம்தான். இப்போ "நல்லெண்ணெய் 1 லிட்டர், பாக்கெட்"னு எழுதறேன்.

ரிமைண்டர் வச்சும் மணி அடிக்கலன்னு நிறைய பேர் ஆப்ப திட்டுவாங்க, பெரும்பாலும் தப்பு போன் செட்டிங்லதான். நிறைய ஆண்ட்ராய்ட் போன்ல பேட்டரிய மிச்சம் பண்றேன்னு பின்னாடி ஓடற ஆப்ப எல்லாம் தூங்க வச்சிடும். செட்டிங்ஸ்ல ஆப்ஸ், அதுல இந்த ஆப்ப எடுத்து, நோட்டிஃபிகேஷன் ஆன்ல இருக்கா பாருங்க, பேட்டரில "அன்ரெஸ்ட்ரிக்டட்" வைங்க, சில போன்ல ஆட்டோஸ்டார்ட்னு தனியா ஒண்ணு இருக்கும் அதயும் ஆன் பண்ணுங்க, புது ஆண்ட்ராய்ட்ல "அலாரம்ஸ் அண்ட் ரிமைண்டர்ஸ்"னு ஒரு அனுமதியும் கேக்கும். பண்ணிட்டு ரெண்டு நிமிஷம் தள்ளி ஒரு டெஸ்ட் ரிமைண்டர் வச்சு, ஸ்க்ரீன லாக் பண்ணிட்டு காத்திருந்து பாத்துடுங்க.

ஊருக்கு போனீங்க, கல்யாணம், காய்ச்சல், பத்து நாள் ஆப் பக்கமே போகல. திரும்பி வந்து பாத்தா முப்பத்தெட்டு வேலை சிவப்பா நிக்குது. முன்னாடி எல்லாம் இந்த எடத்துலதான் நான் அன்இன்ஸ்டால் பண்ணுவேன். இப்போ தேதி போட்ட வேலை எல்லாம் வரிசையா வர்ற "ப்ளான்ட்" (Planned) பக்கத்துக்கு போய் பழசு எல்லாத்தயும் மேலருந்து கீழ ஒரே மூச்சுல பாப்பேன், ஒவ்வொண்ணுக்கும் தேதி மாத்திட்டு உக்காற மாட்டேன். தாண்டிப்போச்சு, இனி பண்ணி பிரயோஜனம் இல்லன்னா அழி. இன்னும் பண்ணணும், ஆனா அவசரம் இல்லன்னா தேதிய எடுத்துட்டு "அப்புறம்" லிஸ்ட்டுக்கு தள்ளு. நிஜமாவே தலைக்கு மேல நிக்கறது மூணு நாலுதான் தேறும், அது மட்டும் இன்னிக்கு மை டேக்கு. கால் மணி நேரம்கூட ஆகாது. "அப்புறம்" லிஸ்ட்ட மாசத்துக்கு ஒரு தடவ திறந்து பாருங்க, பாதி தானாவே தேவையில்லாம போயிருக்கும், அத அழிக்கும்போது ஒரு சந்தோஷம் வரும் பாருங்க.

ஒரே வேலை நாலு நாளா மை டேல ஏறி ஏறி இறங்குதுன்னா நம்ம சோம்பேறின்னு நினைச்சுக்க வேணாம், அது இன்னும் கவலையாவே இருக்குன்னு அர்த்தம், இன்னும் சின்னதா உடைக்கணும். எங்க வீட்டு "பரண்" அப்படித்தான், "பரண சுத்தம் பண்ணு"ன்னு வினைச்சொல் எல்லாம் போட்டு எழுதியும் ரெண்டு மாசம் நகரல. கடைசில "பரண்லருந்து ஒரே ஒரு அட்டைப்பெட்டிய கீழ இறக்கு"ன்னு மாத்தினேன், அன்னிக்கே இறக்கிட்டேன். உள்ள மூடி இல்லாத மிக்சி ஜார் ரெண்டு இருந்துச்சு. இப்போ லிஸ்ட்ல "ஜார் ரெண்டயும் சனிக்கிழமை பழைய பேப்பர்காரர்கிட்ட போடு"ன்னு இருக்கு, மூணு சனிக்கிழமை போச்சு, அத்தை இன்னும் ஒத்துக்கல.